குப்பிக்குள் மழை

மல்காஜ்கிரி இளைஞர் குழு, நூலகத்துக்கு நிதி திரட்ட அத்தர் விற்பதென்று முடிவு செய்திருந்தது. எந்த அத்தர் என்பதுதான் பாக்கி.

சாஹித்யா ஒவ்வொரு குப்பியாக முகர்ந்தாள்.

"மல்லி நக்கோ, வேணாம். கல்யாணக் கூட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். மண்வாசனைக் குப்பியை எடுத்ததும் கண்களை மூடிக்கொண்டாள். "வெயில்ல காஞ்ச மைதானம். முதல் சொட்டு விழுது. எல்லாரும் ஓடறாங்க, நான் மட்டும் நிக்கிறேன்..."

கேட்டவர்கள் சொக்கிப்போய் அதற்கே கைதூக்கினார்கள்.

எல்லோரும் போனதும் பத்ரி கேட்டான். "எப்படி இவ்ளோ அழகா சொன்னே?"

"லேபிளைப் படிச்சு, ஞாபகத்துலேர்ந்து சொன்னேன். போன வருஷம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியலடா."

பத்ரி குப்பியை முகர்ந்து பார்த்தான். அவள் சொன்ன மழையில் பாதிகூட அதில் இல்லை.

"குப்பியோட நீ சொன்னதையும் அச்சடிச்சுக் கொடுப்போம்," என்றான்.