பொலிஸ் கிழிச்ச தலையணை

கொஞ்சம் கிட்ட வந்து இருங்க. இது சத்தமாகச் சொல்லுற கதை இல்லை. செபஸ்தியாம்பிள்ளையர் வீட்டு ஆக்கள் இன்னும் இந்த ஊரிலதான் இருக்கிறாங்க.

அவருடைய மருமகன் சில்வெஸ்டர் மேசன் வேலைக்காரன். கோட்டுக்குப் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கிற இணக்கசபையில் மனுக் கொடுத்தது அவன்தான். கேட்டது பெரிய காரியம் இல்லை. மகள் பீற்றிஸை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கொஞ்ச நேரம் தன்னோடு விடவேண்டும். ரெண்டு வருஷமாகப் பிள்ளையை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கட பக்கத்தில் வீடு வளவெல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டில் வந்து இருப்பான். மனஸ்தாபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறதும் அவன்தான். பிள்ளை தாயோடு நின்றுவிடும்.

சபை பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. தலைவர் கனகசிங்கம் விசாரிக்கத் தொடங்க முன்னமே செபஸ்தியாம்பிள்ளை எழும்பிவிட்டார். வலை வீசி, வயல் வாங்கி, கோயிலுக்கு மூப்பராய் வந்த மனிசன். பேருக்கு ஒரு தூசு விழ விடமாட்டார்.

"ஐயா, பொலிஸ் கூட்டுக்குள்ள கிடந்தவனிட்ட என்ர பேத்தியை விடச் சொல்லுறீங்களா?"

பின்வரிசை எட்டிப் பார்த்தது.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. பெர்மிட் இல்லாமல் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. துறையடியில் பொலிஸ் நிற்கும். பழுகாமத்தில் இருந்து தோணியில் வந்த சில்வெஸ்டர், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான். பொலிஸ்காரன் வாங்கிப் பார்த்தால் சினையாடு மாதிரிக் கனக்குது. ஓரத்தைக் கிழித்தான். அரிசி கொட்டுண்டது. ஒரு இரவு பொலிஸ் கூட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தான், பிறகு கோட்டில் குற்றக்காசு கட்டினான்.

திரும்பி வந்தவனை மாமனார் படலையிலேயே மறித்தார். கள்ள அரிசிக்காரன் இருக்கிற வீட்டில் மூப்பர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சில்வெஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியோடு போய்விட்டான். பெண்சாதி ஜோசப்பினுக்கும் புருஷன் மேல் ஆத்திரம். தகப்பனுக்கு எதிர்வாய் பேசிப் பழக்கமும் இல்லை. அழுததோடு சரி.

அந்த அரிசி ஆருடையது என்று தலைவர் சில்வெஸ்டரைக் கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"என்ர கையிலதான் பிடிபட்டது ஐயா. வேற என்ன சொல்ல."

பக்கத்தில் இருந்த சபைக்காரர் தலையை ஆட்டினார்கள். காரியம் கைவிட்டுப் போகுது என்று சில்வெஸ்டருக்கே விளங்கிவிட்டது.

"நீ என்ன சொல்லுறாய், புள்ள?" என்று தலைவர் ஜோசப்பின் பக்கம் திரும்பினார்.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழும்பினாள். புருஷனுக்காக ரெண்டு வார்த்தை கதைப்பாள் என்றுதான் எல்லாரும் பார்த்தது.

"பிடிபட்டதுதான் பிடிபட்டார், ஒரு நல்ல அரிசியோட பிடிபட்டிருக்கலாம். அது முழுக்கக் கல்லும் உமியுமாம் ஐயா. கோழியும் கொத்தாதாம். பழுகாமத்து அரிசியே இப்ப அப்பிடித்தானாம்."

பின்வரிசை சிரித்தது. சில்வெஸ்டர் அடிபட்டவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

செபஸ்தியாம்பிள்ளையின் மீசை துடித்தது. அவரை ஏசினால் பொறுப்பார். அவருடைய பழுகாமத்து வயலை ஏசினால் பொறுக்கமாட்டார்.

"ஆரடி சொன்னது கல்லெண்டு?"

"ஊரே சொல்லுதப்பா. கிழிச்ச பொலிஸ்காரரும் சிரிச்சவராம்."

"அவனுக்கு என்ன தெரியும்? பழுகாமத்து வட்டையில என்ர வயலில விளைஞ்ச நெல்லு. நான் பக்கத்தில நிண்டு குத்துவிச்சு, ரெண்டுதரம் புடைப்பிச்சு, என்ர கையால தலையணைக்குள்ள அடைச்சுத் தைச்ச அரிசி. அதில ஒரு கல்லு…"

அங்கே நின்றுபோனார்.

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூப்பர் நிற்கிறதா இருக்கிறதா என்று தெரியாமல் தடுமாறினார். சில்வெஸ்டர்தான் போய்க் கையைப் பிடித்து, "இருங்க மாமா" என்று கதிரையில் இருத்தினான்.

கூப்பனுக்குக் குடுக்கிற கோதுமை மாவைத் தின்று நாக்குச் செத்துப்போச்சு, அதுதான் அவனை அனுப்பினேன் என்று கிழவர் முணுமுணுத்தார்.

அப்பவே ஏன் சொல்லவில்லை என்று தலைவர் சில்வெஸ்டரைக் கேட்டார்.

"வயசான மனிசன் ஐயா. கூட்டுக்குள்ள சரியான நுளம்புக்கடி."

கனகசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமையில் பூசை முடிந்து பொழுதுபடும் வரைக்கும் பிள்ளை தகப்பனோடு நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜோசப்பின் மறுகாலும் எழும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை சரிவராது ஐயா."

தலைவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பிறகு எந்த நாள்தான் சரிவரும்?"

"அது என்ர சீதன வீடு. எல்லா நாளும் சரிவரும்."

பீற்றிஸ் சைக்கிள் பாரில் இருந்து மணியடிக்க, சில்வெஸ்டர் உருட்டிக்கொண்டு போனான். கிழவர் கொஞ்சம் பின்னாலே வந்தார். படலையை அவரே திறந்துவிட்டார்.

உள்ளே போன சில்வெஸ்டர் கட்டிலடியில் அப்படியே நின்றுவிட்டான்.

அதுக்கு முந்தின மாதம் பழைய வழக்குச் சாமானை ஒதுக்கும்போது, அந்த வெறும் தலையணை உறையைப் பொலிஸார் ஜோசப்பின் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பொலிஸ் கிழித்தது ஒரு ஓரம். மற்ற ஓரம் தைத்தபடி கிடந்தது. தையல் முடிவில் வலைக்காரன் போடுகிற முடிச்சு. மேசனுக்கு அந்த முடிச்சு வராது. அந்த வீட்டில் கிழிந்த வலை பொத்தின கை ஒன்றுதான்.

ஜோசப்பின் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. இலவம்பஞ்சு அடைத்து, கிழிந்த ஓரத்தை மட்டும் தைத்து, சபைக்கு வெளிக்கிட முன்னமே கட்டிலில் அவன் படுக்கிற பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.