வீட்டுக்காரராக முத்துசெல்வம்

உக்கிரபாண்டி தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக்கொண்டு, தன் சொந்த வீட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே, அவனுடைய சோபாவில், முத்துசெல்வம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஏற்பாடு புரோக்கர் செண்பகராஜுடையது. வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவனைத்தான் பார்ப்பார்கள். நொடித்துப்போனவன் வீடு என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

உக்கிரபாண்டி நொடித்தது ரகசியமாகவே இருந்திருக்கலாம். ஆனால் செல்போன் கடை, பிரியாணிக் கடை, ஜிம் என்று தொடங்கிய மூன்றுக்கும் அவன் தன் முகத்தையே ஃபிளக்ஸில் போட்டு எட்டயபுரம் ரோடு நெடுக நிறுத்தியிருந்தான். கடைகள் மூன்றும் போய்விட்டன. முகம் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணாச்சி, ஒங்க மூஞ்சியத் தெரியாத ஆளு நாகலாபுரம் வரைக்கும் கெடையாது," என்றான் செண்பகராஜ். "ஒருநாளைக்கு வேற வீட்டுக்காரரப் போடுவோம். பத்திரத்துல பேர் வாரப்போ பாத்துக்கிடலாம்."

வீடு விற்றால்தான் மகளை நர்சிங் காலேஜில் சேர்க்க முடியும். உக்கிரபாண்டி சரி என்றான்.

யாரைப் போடலாம் என்று ஆண்கள் இருவரும் யோசிக்கத் தொடங்குவதற்குள், உக்கிரபாண்டியின் மனைவி சொர்ணத்தாய் முத்துசெல்வத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். அவள் பக்கத்துத் தூரத்துச் சொந்தம். அரசாங்க உத்தியோகம். ஃபிளக்ஸில் ஏறாத முகம்.

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் சொர்ணத்தாய்க்கு எதுவும் இவ்வளவு சீக்கிரம் ஞாபகம் வந்து உக்கிரபாண்டி பார்த்ததில்லை.

மூன்று நாளாக வீட்டைத் தயார் செய்தார்கள். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும், விரிசல் விடும். விரிசலுக்கு ஒன்றாகக் காலண்டர் மாட்டினார்கள். ஹாலில் மட்டும் ஏழு. இந்த வீட்டுக்குள் வந்தவர் யாரும் தேதி தெரியாமல் வெளியே போக முடியாது.

மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டு, லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி நிரப்பினார்கள்.

நாகலாபுரத்துப் பிச்சையா மனைவி வள்ளிமயிலோடு வந்தார். வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாறை தட்டுற வரைக்கும் நான் விடலைல்லா அண்ணாச்சி," என்று முத்துசெல்வம் ஆரம்பித்தான். "ரெண்டாள் ஆழத்துக்குத் தோண்டித்தான் அஸ்திவாரம் போட்டேன்."

அஸ்திவாரம் போட்டது உக்கிரபாண்டியின் அப்பா. இடுப்பளவு.

பொய் சொன்னதில் உக்கிரபாண்டிக்கு வருத்தமில்லை. இதே பொய்யை அவனும் பல பேரிடம் சொல்லியிருக்கிறான். ஒருத்தர்கூட இப்படித் தலையாட்டியதில்லை.

சொர்ணத்தாய் காப்பி கொண்டுவந்தாள். பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியோடு கிடந்த பீங்கான் கோப்பையில், கீழே தட்டு வைத்து. உக்கிரபாண்டிக்கு வருவது சில்வர் டம்ளர். அதுவும் வராது. "அங்கன வச்சிருக்கேன்" என்று குரல்தான் வரும்.

தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். அதை பஜாரில் முழம் போட்டு வாங்கி வந்தவன் உக்கிரபாண்டி.

"இவியளுக்கு இந்த வீடுன்னா உசுரு," என்று முத்துசெல்வத்தைக் காட்டி வள்ளிமயிலிடம் சொன்னாள்.

செண்பகராஜ் சொல்லிக்கொடுத்த வசனம்தான். கூடவே வந்த வெட்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உக்கிரபாண்டி ஏற்கெனவே அடித்த கம்பிக்கே மறுபடி அடித்தான்.

பிச்சையா மாடியைப் பார்க்கப் போனார். வள்ளிமயில் மெதுவாக வெளியே வந்து ஜன்னலோரம் நின்றாள். வீட்டுக்காரன் சொல்வதை விட்டுவிட்டு, அங்கே வேலை செய்கிறவனைத் தனியாகப் பிடித்துக் கேட்பது அவள் வழக்கம்.

"யய்யா, நீ இங்கன ரொம்ப நாளா வேலைக்கு வருதியா?"

"பதினெட்டு வருசமா."

"அப்ப ஒளிக்காமச் சொல்லு. ராசியான வீடுதானா? எம் மகனுக்கு முப்பத்தி நாலு முடிஞ்சிட்டு. பொண்ணு கேட்டுப் போற எடமெல்லாம் டவுனுல சொந்த வீடு இருக்கான்னுதான் கேக்குதாவ."

துண்டுக்குள் உக்கிரபாண்டிக்கு வாய் நமநமவென்றது. அந்தக் காலண்டரை ஒரு தடவை தூக்கிப் பாருங்கம்மா என்றால் போதும். உள்ளே கால் மேல் போட்ட கால் தானாக இறங்கிவிடும். கோப்பை பெட்டிக்குப் போய்விடும்.

மகளின் காலேஜும் போய்விடும்.

அவன் வேறொரு உண்மையைச் சொன்னான்.

"ராசிதாம்மா. இந்த வீட்டுக்காரருக்குப் பொண்ணு குடுத்ததே இந்த வீட்டுக்காகத்தான். மாப்பிள்ளைக்கு அப்ப வேலைன்னு ஒண்ணும் கெடையாது. மொதல்ல பேசி வச்சிருந்தது வேற ஒருத்தர. அரசாங்க உத்தியோகம். பொண்ணுக்கும் புடிச்சிருந்தது. வாடகை வீட்டுல இருக்காருன்னு பொண்ணோட அப்பா வேண்டாம்னுட்டாவ."

வள்ளிமயிலின் முகம் தெளிந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த பிச்சையாவைப் பார்த்து, முடித்துவிடலாம் என்று தலையசைத்தாள்.

இளகிய மனசுக்காரி. உள்ளே போகக் காலெடுத்தவள் நின்று கேட்டாள்.

"அந்த இன்னொரு மாப்பிள்ளை பாவம். என்ன ஆனாரு?"

உக்கிரபாண்டி கம்பிகளுக்கு நடுவே பார்த்தான். சொர்ணத்தாய் முத்துசெல்வத்தின் கோப்பையில் இரண்டாவது தடவை காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் போதும் என்று சொல்லவில்லை.

"அவருக்கென்னம்மா," என்றான். "பசுவந்தனை ரோட்டுல சொந்தமா வீடு கட்டிட்டாரு. ரெண்டு மாடி."