ஆறுதல் சொல்லப்பட்டது

"மூணு தடவை செக்கப்புக்கு வந்தியே, ஒரு தடவையாவது உடம்புக்கு முடியலைன்னு வாயத் தொறந்து சொன்னியா?" நர்ஸ் கலைமதி கத்தினாள்.

"மூணு தடவையும் சொன்னேன் மிஸ்!" யோகராணியும் விடவில்லை. வயிற்றிலேயே இறந்த பிள்ளையைப் புதைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

தோட்டத்து லைன் வீடுகள் அத்தனையும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தன. தேயிலை விலை விழுந்து ஃபாக்டரியைப் பூட்டிய பிறகு மஞ்சூர்ப் பக்கம் வேறென்ன வேலை? கலைமதி பொள்ளாச்சிக்காரி. யோகராணி குடும்பம் மாதிரி சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் எதையும் மறைப்பார்கள் என்பது அவள் கட்சி.

யோகராணி அழ ஆரம்பித்ததும் கலைமதியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் வருத்தம் இல்லைன்னு நெனைக்கறயா?"

யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கும் வருத்தமா மிஸ்? மருந்து குடிச்சீங்களா? எங்க நோகுது?"

"நோகுதா?"

"எனக்குத் தலை நொந்து கண்ணெல்லாம் மங்குச்சே. அதத்தானே சரியான வருத்தம்னு சொன்னேன். நோயைத்தான் மிஸ், நாங்க வருத்தம்னு சொல்றது."

கலைமதி கையிலிருந்த செக்கப் அட்டையைப் பார்த்தாள். மூன்று தேதிக்கும் நேரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'வருத்தமாக உள்ளார். ஆறுதல் சொல்லப்பட்டது.' பிரஷர் எழுதும் கட்டம் மூன்றும் காலி.

கொஞ்ச நாளில் யோகராணி புருஷனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். கலைமதி மாற்றல் வாங்கி ஊரோடு போய், ஒரு பேங்க்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் வருத்தம் என்று வாயெடுத்தால் போதும், இன்றைக்கும் சட்டைக் கையை மடக்கிவிட்டுப் பிரஷர் பார்க்கிறாளாம்.