தனித்தனி டிரைவ்

திரையில் 'சுகிர்தம்' என்றிருந்த டிரைவ் மீது அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார் பெஞ்சமின். ரைட் கிளிக் செய்தால் 'ஃபார்மட்' என்று வரும். அதை அமுக்கினால் மனைவியின் சமையல் வீடியோ அத்தனையும் ஒழிந்தது.

வீட்டில் வேறு ஆளில்லை. சுகிர்தம் சீசன் கடைகளைப் படம் பிடிக்கக் குற்றாலத்துக்குப் போயிருந்தாள். மேலகரம் முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சமினுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? நேற்று கோயில் அசன விருந்தில் போதகர் அவரைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார்.

"சார்வாள், நம்ம சபை வரலாறு எப்ப புஸ்தகமா வரும்?"

ரிட்டயரான நாளிலிருந்து அதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். வரும் பிரதிஷ்டைப் பண்டிகையில் வெளியீடு என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சாம்பார் வாளியோடு நின்ற சுகிர்தம் முந்திக்கொண்டாள்.

"அவுக எழுதி முடிக்கதுக்குள்ள ஆண்டவரோட ரெண்டாம் வருகையே வந்துரும் ஐயா!"

பந்தியே குலுங்கிச் சிரித்தது. போதகரும் சேர்ந்து சிரித்தார். பெஞ்சமின் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"நாளைக்கே ஒன் சட்டிபானை வீடியோவ எல்லாம் அழிக்கேன் பாருட்டி!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, கோபத்தில் கடையத்துக்கு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினார். இன்று காலையில்தான் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். போன வருஷம், சுகிர்தத்தின் அம்மா கடைசியாக உளுந்தங்களி கிண்டிக் காட்டிய வீடியோவை, "எடத்த அடைக்குது" என்று அவர் அழித்துவிட்டார். அந்த அம்மா அடக்கமாகி மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சுகிர்தம் அழுத அழுகையில் தென்காசியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, ஹார்டு டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரு டிரைவுக்கு அவர் பெயர், இன்னொன்றுக்கு அவள் பெயர்.

"எதுக்கும் பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வைங்க சார்" என்று மெக்கானிக் அப்போதே சொன்னான்.

"வரப்பு வெட்டியாச்சுல்லா! எனக்குன்னு தனி டிரைவ் இருக்கும்போது காப்பி எதுக்குடே?" என்று அவனை அனுப்பிவிட்டார் இவர். வாத்தியாருக்கு யாரும் பாடம் நடத்தக் கூடாது.

எப்போதும் இடமில்லாமல் சிவப்புக் கோடு காட்டும் சுகிர்தத்தின் டிரைவ், இன்று முக்கால்வாசி காலியாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றிவிட்டுத் துடைத்திருப்பாள், இருக்கிற மிச்சமாவது போகட்டும் என்று பல்லைக் கடித்தார். திறந்து பார்த்தால் அவள் வீடியோக்களில் வரும் பேரப்பிள்ளைகள் முகம் கண்ணில் பட்டு மனசு இளகிவிடும். அதனால் திறக்கவில்லை.

'குவிக் ஃபார்மட்' செய்தால் போனதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தார். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிகிறவரை, காப்பிகூடக் குடிக்காமல் காவல் இருந்தார்.

முடிந்து மூச்சு விட்டபோது சுகிர்தம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான்.

"என்ன பண்ணுதிய?"

"சொன்னதச் செஞ்சுட்டேன். ஒன் டிரைவ் காலி. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது."

அவள் அழுவாள் என்று ஆவலாகப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டாள். அவருக்கு ஆத்திரம் இரட்டிப்பாயிற்று.

"முழுசா போயிட்டா?"

"ஒரு பொட்டுகூட மிஞ்சாது."

"அழிக்கதுக்கு முன்னால உள்ள என்ன இருக்குன்னு தெறந்து பாக்கலியா?"

"எதுக்குட்டி பாக்கணும்? ஒன் பேரு போட்டிருக்குல்லா!"

சுகிர்தம் கொட்டையைத் துப்பினாள்.

"ரெண்டு டிரைவோட பேரையும் நேத்தே மாத்திப் போட்டுட்டேன், நீங்க அழிச்சது ஒங்க சபை வரலாற."