விடுபட்ட வீடு

“அக்காவை அடக்கம் பண்ணி மூணு நாள்கூட ஆகல. அதுக்குள்ள எதுக்குய்யா ஆபீசுக்கு வந்தே?” என்றார் மேலதிகாரி.

வரைபடப் பிரிவின் புரோகிராமர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பைத்தான் ஸ்கிரிப்டைப் பாக்கணும் சார். வெள்ள அபாயப் பகுதியில மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு வீடு. மேப்பிலருந்து ஸ்கிரிப்ட் எடுத்த பட்டியல்ல ஒண்ணு குறையுது.”

வெள்ளம் வந்த அன்று, பட்டியலில் இருந்த வீடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை போயிருந்தது. எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

“மேப்பில அந்த வீட்டுக்குத் தரைமட்ட உயரம் போடற கட்டம் காலியா இருந்திருக்குமோ?”

“இல்ல சார், சரியாத்தான் இருக்கு.”

“சாஃப்ட்வேரைப் புதுசா மாத்தினோமே, அதனாலயா?”

“பழைய வெர்ஷன்லயும் இதே கதைதான் சார்.”

“அப்போ எவனோ வேணும்னே கை வெச்சிருக்கான். அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடி. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவன் நாற்பத்தேழாவது வரியைக் காட்டினான். ஒரே ஒரு வீட்டு எண் வந்தால் மட்டும் அதைத் தாண்டிப் போகச் சொல்லும் வரி அது.

“இந்தப் பட்டியலைப் பாத்துட்டுத்தான், அபாயப் பகுதின்னு சொல்லி அக்காவுக்கு மாடி கட்ட அனுமதி தரல சார். ‘எங்க வீட்டை மட்டும் எடுத்து விடுடா’ன்னு அக்கா கெஞ்சினா. அனுமதி வந்ததும் அழிச்சிடலாம்னு நான்தான் எழுதினேன்.”

மேலதிகாரிக்குக் குரல் இறங்கிவிட்டது. “அனுமதி வந்துச்சா?”

“போன மாசமே வந்துடுச்சு சார். அக்கா சந்தோஷமா போன் பண்ணிச் சொன்னா. நான்தான் அழிக்க மறந்துட்டேன்.”

அந்த வரியை அழித்துவிட்டு, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினான். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் வந்தன.