விட்டுப்போன தேதி

"ஒரு தேதி உன்கிட்டருந்து தப்பிச்சிருச்சு, இன்ஜினியரம்மா."

சொல்லிக்கொண்டே ரெமிகியோ தன் ஈரக் கோட்டைக் கழற்றி, ஒதிலியாவின் மேசைக்கு மேலே நாட்காட்டி தொங்கிய ஆணியில் மாட்டினான்.

"உனக்கு வேற ஆணியே கிடைக்கலையா?"

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் காயட்டுமே. உன் பேச்சுச் சூட்டுல சீக்கிரம் காஞ்சிரும்."

ஹலாபா நகர ஆவணக் காப்பகத்தின் நிலவறைக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். ஆறு வருடம் காத்திருந்து அதன் கீழே இடம் பிடித்தவள் ஒதிலியா. தூறல் ஓய்ந்த நாட்களில் பதினொரு மணிக்கு அந்த மேசைமேல் ஒரு துண்டு வெயில் விழும். அதற்காகவே அவள் வேலைக்கு வருகிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்வதில் பாதி உண்மை. ரெமிகியோவின் மேசையோ கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது.

"எந்தத் தேதிய நான் விட்டேன்?" ஒதிலியாவின் குரல் ஏறியது.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1931ஆம் வருடப் பத்திரிகைகள் மொத்தமும் இப்போது கணினியில் எழுத்துக் கோப்புகளாகக் கிடந்தன. அவற்றிலிருந்து தேதிகளைப் பொறுக்க, கணினிக்காரர்கள் ரெஜெக்ஸ் என்று சொல்லும் தேடல் வரி ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஓரிலக்கமோ ஈரிலக்கமோ, நடுவில் சாய்கோடோ சிறுகோடோ, மாதம் எண்ணிலோ எழுத்திலோ, எப்படி வந்தாலும் அந்த வரி கப்பென்று பிடித்துவிடும். இதுவரை பிடித்தவை 4,118.

"அத நீயே கண்டுபிடி. நான் சொன்னா நம்பவா போறே?"

"பொய் சொல்றே."

"என் அம்மா மேல சத்தியம். ஒண்ணே ஒண்ணு. கண்ணுக்கு முன்னாடி இருக்கு, உனக்குத் தெரியல." ரெமிகியோ கையிலிருந்த அச்சுத்தாள் கட்டைத் தட்டினான். "ஒண்ணு பண்ணு. உன் இடத்த எனக்கு இரவல் குடு. நான் வெளிச்சத்துல உக்காந்து இந்தத் தாளையெல்லாம் பாத்துக்கறேன். நீ உன் மிஷினோட அங்க போய்த் தேடு."

"ஓ, அதான் விஷயமா? மூணு வருஷமா இந்த ஜன்னல் மேல ஒரு கண்ணு உனக்கு."

"பயமா இருந்தா வேணாம் தாயே."

பயம் என்ற சொல் ஒதிலியாவுக்கு ஆகாது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "எடுத்துத் தொலை. இரவல்தான், ஞாபகம் இருக்கட்டும்!"

"அத மறப்பேனா?" என்றான் அவன், வெகு பணிவாக.

கழிவறைக் கதவு தடார் தடாரென்று அடித்துக்கொள்ள, ஒதிலியா தேடினாள். மாதப் பெயர் இருந்தும் தேடல் வரியில் சிக்காத வரிகளைத் தனியாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தாள். விட்டது ஒன்றும் அகப்படவில்லை. வேண்டாததுதான் அகப்பட்டது. 1/2 கிலோ பன்றிக்கொழுப்பு என்ற கடை விளம்பரத்தை, பிப்ரவரி முதல் தேதி என்று அவள் வரி பிடித்து வைத்திருந்தது. நல்லவேளை, ரெமிகியோ பார்க்கவில்லை.

வருடத்தின் கடைசிக் கோப்பில் '28 டிசம்பர்' என்பது மஞ்சளாக ஒளிர்ந்தது. ஊரே ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளான அன்று ஒரு நாவிதர் தன் புதுக் குடையைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இரவல் கொடுத்துவிட்டாராம். அவன் குடைக்குப் பதில் ஒரு கை மிட்டாயைத் திணித்து அனுப்பியிருக்கிறான். வழக்கு நகரத் தலைவர் வரை போயிற்று. அன்றைக்கு இரவல் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பக் கேட்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்தை மறந்தது உன் தப்பு என்று அவரும் சிரித்து அனுப்பிவிட்டார்.

ஒதிலியாவும் சிரித்தாள். தேதி சரியாகப் பிடிபட்டிருந்ததால் அடுத்த வரிக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு வெயில் வந்தது. ரெமிகியோ அதில் இரண்டு கைகளையும் நீட்டி, நிதானமாக, தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டை ஒன்றின் சோளத்தோலைப் பிரித்துச் சாப்பிட்டான். ஒதிலியாவுக்கு வயிறு எரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவள் கண்கள் சிவந்திருந்தன. மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு ஜன்னலடிக்கு வந்தாள்.

"தோத்துட்டேன்யா. எந்தத் தேதின்னு சொல்லு. சொல்லிட்டு என் இடத்தக் குடு."

ரெமிகியோ இழுப்பறையைத் திறந்தான். அழகாகச் செய்த ஒரு சிறு காகிதக் கூடையை எடுத்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினான். அது நிறைய மிட்டாய்.

பிறகு எழுந்து, வீட்டுக்குப் போகக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தான். பின்னாலிருந்த நாட்காட்டி 28 டிசம்பர் என்று காட்டியது. அவள் திரையின் மூலையிலும் காலையிலிருந்து அதேதான் இருந்தது.

"நீ விட்டது இன்னைக்குத் தேதியத்தான், இன்ஜினியரம்மா."