நாற்பது போர்டுக்குக் கீழே ஒரு நாற்காலி

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் ஆஸ்டினை அனுப்பியிருந்தார்.

மேடவாக்கத்திலிருந்து மாம்பாக்கம் போகிற சாலையில், நாற்பது என்று எழுதிய வேக போர்டுக்குக் கீழே கிடக்கிறது அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் ஒரு அம்மா அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளையே ஒரு வண்டி அடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? இன்ஸ்பெக்டர் கேட்டது நியாயம்தான்.

ஆஸ்டின் போக்குவரத்து ஏட்டு. இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டீக்கடையில்தான் கதை கேட்டான்.

போன மழைக்காலத்தில், இதே இடத்தில் ரோட்டைத் தாண்டிய ஜெரூஷா என்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையை, தலைதெறிக்க வந்த பைக் ஒன்று அடித்துப் போட்டது. பிள்ளை அங்கேயே போய்விட்டது. அதற்கப்புறம்தான் போர்டு வந்தது, கேமரா வந்தது, அபராதம் வந்தது. அந்த அம்மாவும் வந்தாள்.

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். ஆஸ்டின் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எதிர் வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இரட்டைச் சடையோடு அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பைக்கை ஓரங்கட்டிய ஆஸ்டின், பழக்கதோஷத்தில் வேகம் அளக்கும் கருவியைக் கையில் எடுத்தான்.

தூரத்தில் வந்த தண்ணி லாரி அறுபதைத் தாண்டியிருந்தது. பின்னால் வந்த கம்பெனி கேப் அதற்கும் மேலே. கேமராவுக்கு முன்னால் ஒரு பிரேக், தாண்டியதும் ஒரு மிதி. இந்தக் கூத்தைத்தான் அவன் தினமும் பார்க்கிறானே!

அந்த வண்டிக்காரர்கள் கண்ணில் நாற்காலி பட்ட பிறகு நடந்ததை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

லாரி நாற்பதுக்கு வந்தது. முப்பதுக்கு வந்தது. இருபதுக்கு இறங்கி, நின்றேவிட்டது. கேப் பெட்டிப்பாம்பாக அதன் பின்னால் அடங்கி நின்றது. ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை.

இத்தனைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கையைக்கூடக் காட்டவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, வருகிறவன் ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடேயப்பா! ஆஸ்டினுக்கு உடம்பு சிலிர்த்தது.

அவன் ஏதாவது ஒரு மரத்தடியில் மறைந்து நின்றால் போதும், தாண்டிப் போகிறவன் எதிரே வருகிறவனுக்கு லைட்டைச் சிமிட்டி உஷார் பண்ணிவிடுவான். காக்கியைக் கண்டால் வேகம் குறையும், முதுகைக் காட்டினால் ஏறும். எத்தனை அபராதம் போட்டும் அடங்காத ரோடு, ஒரு பொம்பளையின் பார்வைக்கு இப்படி அடங்குமா?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தாண்டினார்கள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, வண்டிகள் நிற்கிற பக்கம் திரும்பியும் பார்க்காமல் தாண்டினார்கள். ஒரு வாண்டு நடுரோட்டில் நின்று சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டது. லாரிக்காரன் அதற்கும் காத்திருந்தான்.

ஆஸ்டின் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினான். ஆராதனை நடக்கிற இடத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

நாற்காலியை எடுத்துவிட்டால் நாளைக்கு இந்தப் பிள்ளைகள் எப்படித் தாண்டும்? எடுக்காமல் போனாலோ இன்ஸ்பெக்டர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

தயங்கித் தயங்கிக் கிட்டே போனான். மேலிடத்து உத்தரவு என்று இழுத்தான். உங்கள் மகளுக்கு வந்தது இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று இதமாகத்தான் சொன்னான்.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது என் பொண்ணு இல்ல சார். பைக்கு ஓட்டிகினு வந்தது என் புள்ள. இப்ப ஜெயிலுக்குள்ள கீறான்.”

ஆஸ்டின் பேரைக் கேட்டான்.

பேர் சரசு என்றாள். வீடு பம்மலில். இரண்டு பஸ் மாறி வருகிறாள். பிள்ளை கேட்டானே என்று அந்த பைக்கை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மெதுவாகப் போடா என்று அவனிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லையாம்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, இந்த நாற்காலியைப் பம்மலிலிருந்தா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டுவைத்தான்.

சரசு முதல் தடவையாகத் திரும்பி, போஸ்டர் ஒட்டியிருந்த வீட்டைப் பார்த்தாள்.

“இது என்னுது இல்ல சார். அந்தப் பொண்ண பெத்தவங்களுது.”

வந்த புதிதில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாளாம். அந்த வீட்டம்மா கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். வெயில் கொளுத்திய ஒரு நாள் கேட் திறந்தது. அடிக்கத்தான் வருகிறாள் என்று சரசு தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் நாற்காலி இருந்தது. அன்றிலிருந்து அவள் வருவதற்கு முன்பே நாற்காலி வந்துவிடுகிறது. போன பிறகு உள்ளே போய்விடுகிறது. இன்று வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாதி திறந்த கேட்டுக்குப் பின்னால் இப்போதும் அந்த வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்டினின் கை எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். ஓரத்தில் சும்மா கிடந்த போலீஸ் தடுப்பைத் தரதரவென்று இழுத்து வந்து, வண்டி எதுவும் மோதிவிடாதபடி நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினான்.

கேட் மெல்லச் சாத்திக்கொண்டது.